அலைப்பலகையும் அதன் பிசினும்



இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சென்னைக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில் மீனவர் குடியிற் பிறந்தவர். கடல் அலையின்மீது நின்று சறுக்கிவரும் விளையாட்டில் தேர்ந்தவர். அதற்குரிய பலகையைத் தாமே செய்யத் தொடங்கியிருந்தார். "சார், பலகைக்குப் பூசின பிசின் ரெண்டு நாளாகியும் கையில ஒட்டுது. என்ன செய்யலாம்?" என்றார். வேதியியல் கற்பித்தவன் என்னும் உரிமையில், நான் சிறிதும் தயங்காமல், "அடுத்த பூச்சில் ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர் தம்பி, இறுகிவிடும்" என்று சொல்லிவிட்டேன். அவர் அவ்வாறே செய்தார். பலகை பாழாயிற்று.

அந்த விடை எங்ஙனம் தவறாயிற்று என்று அறியப் புகுந்தபோதுதான், அலைப்பலகையின் வரலாறு முழுவதையும் படிக்க நேர்ந்தது. அதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்விளையாட்டின் புகழ்பெற்ற தாயகம் பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகள். காப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில் உடன் சென்ற ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி, 1779ஆம் ஆண்டில் அங்கே மக்கள் பலகைமீது படுத்து அலையேறி வந்ததை வியந்து எழுதி வைத்திருக்கிறார். அங்கே பலகைகள் ஒரே தன்மையன அல்ல. 'ஓலோ' எனப்படும் நெடும்பலகை தலைமக்களுக்கு உரியது. விலிவிலி என்னும் இலேசான மரத்தால் ஆனது. 'அலாயா' என்னும் குட்டைப் பலகை கோவா மரத்தாலும் ஈரப்பலா மரத்தாலும் ஆனது. இரண்டிற்கும் மேற்பூச்சு ஒன்றே: குக்குயி என்னும் கொட்டையின் எண்ணெய். மரத்துள் நீர் புகாமல் காப்பது அதன் வேலை. நம் கடற்கரையில் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர விடுவார்களே, அதுவும் இந்தத் துன்பத்திற்கே மருந்தாகும். நீர் குடித்த மரம் கனக்கும். கனத்த மரம் அலைக்கு உதவாது. உள்ளே இருப்பது எதுவாயினும் அதற்கொரு தோல் வேண்டும் என்னும் கவலை அன்றே தொடங்கிவிட்டது.

ஹோனலூலு நகரிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய ஓலோப் பலகைகள் இருந்தன. 1920களில் அவற்றைக் கண்டு அவற்றைப் போலவே செய்து பார்த்தவர் டாம் பிளேக் என்னும் அமெரிக்கர். கனத்தைக் குறைக்கப் பலகையில் துளைகள் இட்டு, மேலே மெல்லிய மரத்தால் மூடினார். அதிலிருந்து உள்ளீடற்ற பலகை பிறந்தது. 1932ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அது ஒழுகும்! உள்ளே சேர்ந்த நீரை வடிக்க ஓர் அடைப்பானும் வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. வானூர்திகளுக்கும் படகுகளுக்குமெனக் கண்ணாடியிழைத் துணியும் பாலியெஸ்டர்ப் பிசினும் உருவாக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவை கலிபோர்னியாவில் கடைச்சரக்காயின. 1946ஆம் ஆண்டு பீட் பீட்டர்சன் என்பவர் இவற்றைக் கொண்டு பலகை செய்தார். பிறகு பால்ஸா மரத்தைச் செதுக்கி, கண்ணாடியிழைத் துணியைப் போர்த்து, பிசினை ஊற்றித் தேய்ப்பது வழக்கமாயிற்று. இருபது முப்பது கிலோகிராம் எடையும் அதற்கு மேலும் கனத்த பலகைகள் போய், ஒருவர் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நடக்கத்தக்க பலகைகள் வந்தன.

இக்காலத்தில் பாப் சிம்மன்ஸ் என்று ஒருவர் இருந்தார். கால்டெக் எனப்படும் புகழ்பெற்ற கல்விக்கூடத்தில் பயின்றவர். விபத்தில் ஒரு கை ஊனமுற்றவர். மரத்தைவிட இலேசான உள்ளீடு வேண்டுமென்று 1949ஆம் ஆண்டளவில் பாலிஸ்டைரீன் நுரையை எடுத்தார். நாம் தெர்மோகோல் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள். அதன்மேல் பாலியெஸ்டர்ப் பிசினை ஊற்றினால் என்ன ஆகும்? அப்பிசினில் ஸ்டைரீன் என்னும் நீர்மம் கலந்துள்ளது. அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். நீர் பட்ட வெல்லம் போல நுரை உருகிக் குழியாகும். ஆகவே சிம்மன்ஸ் நுரையின்மேல் மெல்லிய ஒட்டுப்பலகையை ஒட்டி, அதன்மேல் பிசினைப் பூசினார். 1954ஆம் ஆண்டு அலையிலேயே அவர் உயிர் போயிற்று. அவருடைய வழியைப் பலர் பின்பற்றவில்லை. வேலை மிகுதி என்பதே காரணம்.

பிசினுக்கு ஏற்ற நுரையைத் தேடுவது எளிதாகத் தோன்றியது. பாலியுரித்தேன் என்னும் நுரை ஸ்டைரீனில் கரைவதில்லை. 1950களின் இறுதியில் ஹோபி ஆல்டர், கோர்டன் கிளார்க் ஆகிய இருவரும் அதனை வார்க்கக் கற்றுக்கொண்டனர். 1961ஆம் ஆண்டு கிளார்க் தனியே தொழிற்சாலை அமைத்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குமேல் அமெரிக்கப் பலகைகளுள் பெரும்பகுதியின் உள்ளீடு அவர் வார்த்த நுரையே. அதன்மேல் பாலியெஸ்டர். மலிவான பிசின், விரைவில் இறுகும், நன்றாகத் தேய்க்க வரும். காலையில் தொடங்கிய பலகைக்கு மாலைக்குள் பலமுறை பூச்சுக் கொடுத்துவிடலாம். தொழில்முறைப் பட்டறைக்காரர்கள் அதனை விடாமல் பற்றியிருந்தது அறியாமையால் அன்று. கூலியும் நேரமும் கணக்கிட்டே அவ்வாறு செய்தார்கள்.

எப்பாக்ஸிப் பிசின் அப்போது இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. அதன் பிறப்பு வேடிக்கையானது. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்னும் வேதியியலார், பொய்ப்பற்களுக்கான தளம் செய்யப் பொருள் தேடி, 1938ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பல் வணிகத்தில் அது எடுபடவில்லை. பாசல் நகரத்து சீபா நிறுவனம் அவ்வுரிமையைப் பெற்று, உலோகங்களை ஒட்டும் பசையாக விற்றது. நம் வீடுகளில் உடைந்ததை ஒட்ட இரு சிறு குழாய்களாக வாங்கி வைத்திருக்கும் அரால்டைட் அந்த வழியில் வந்ததுதான். எப்பாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை; ஆகவே அது தெர்மோகோலைக் கரைக்காது. பாலியெஸ்டரைவிட உறுதியானது; நன்கு பற்றும். ஆனால் விலை மிகுதி, இறுக நேரம் பிடிக்கும், வெயிலில் மஞ்சளாகும். 1980களில் கிரெக் லோயர் போன்ற சிலர் மட்டும் அலைப்பலகைக்கென்றே எப்பாக்ஸியைச் சீர்செய்து வந்தனர். பெரும்பான்மையோர் கவனிக்கவில்லை.

2005ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், கிளார்க் தம் வாடிக்கையாளர்களுக்கு ஏழு பக்கக் கடிதம் ஒன்றைத் தொலைநகலில் அனுப்பித் தொழிற்சாலையை ஒரேயடியாக மூடிவிட்டார். நுரை வார்க்கப் பயன்பட்ட டொலுயீன் டைஐசோசயனேட் நச்சுப்பொருள்; அதுபற்றிய அரசு விதிகளும் வழக்குகளும் தம்மை நெருக்கும் என்று அஞ்சினார். ஐசோசயனேட் என்னும் பெயரை 1984ஆம் ஆண்டின் போபால் துயரத்திற்குப் பிறகு இந்தியர் எவரும் மறக்க இயலாது. இது வேறு பொருள், குடும்பம் ஒன்று. தொழிற்சாலையின் வார்ப்புக்களும் உடைத்தெறியப்பட்டன. பட்டறைகளில் நுரைக்குப் பஞ்சம் ஏற்பட்டது. அப்போதுதான் பலர், கட்டடங்களுக்கும் சிப்பங்களுக்கும் பயன்படும் பாலிஸ்டைரீன் கட்டிகளை நோக்கித் திரும்பினர். சூடேற்றிய கம்பியால் அறுத்தால் வீட்டுத் தாழ்வாரத்திலேயே வடிவம் செய்யலாம். உள்ளீடு தெர்மோகோல் ஆகிவிட்டபின் தோல் எப்பாக்ஸியாகத்தான் இருக்க முடியும். தாமே பலகை செய்வோர் முன் ஒரு புதிய கேள்வி நின்றது: எந்த எப்பாக்ஸி? மலிவானதா, இரண்டு மூன்று மடங்கு விலையுள்ளதா?

இனி என் பிழைக்கு வருகிறேன். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றைப் பழுதுபார்ப்பது பாலியெஸ்டரால். பள்ளியில் தண்ணீர்த் தொட்டி வெடித்தபோது நானும் அதையே பூசியிருக்கிறேன். பாலியெஸ்டரில் இரண்டாவதாகச் சேர்க்கும் நீர்மம் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான். அது பள்ளி மணி போன்றது. மணி அடித்தால் பிசின் தானே இறுகத் தொடங்கும். சற்று உரக்க அடித்தால் சற்று விரைவாக இறுகும். எப்பாக்ஸியின் கெட்டிப்பான் மணியன்று. அதுவே வகுப்பில் பாதி. பிசினின் ஒவ்வொரு மூலக்கூறும் கெட்டிப்பானின் கையைப் பற்றியே வலையாகப் பின்னுகிறது. இரண்டில் ஒன்று மிகுந்தால், பற்றக் கை கிடைக்காதவை என்றென்றும் தனித்தே கிடக்கும். அதுவே அந்த ஒட்டல். அளவை மீறிச் சேர்க்கச் சொன்னவன் நான்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. புட்டியில் 'இரண்டுக்கு ஒன்று' என்று இருந்தால் அது பெரும்பாலும் கன அளவு. கெட்டிப்பான் பிசினைவிட இலேசானது. ஆகவே தராசில் நிறுக்கும்போது 100 கிராமுக்கு 50 கிராம் சேர்த்தால் பிழை. 44 அல்லது 45 என்பதுபோல் வரும். சரியான எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத்தாள்தான் சொல்ல வேண்டும். என் மாணவர் வாங்கிய புட்டியோடு எந்தத் தாளும் வரவில்லை. கடைக்காரர், "எல்லாம் எப்பாக்ஸிதான் தம்பி" என்று சொல்லிக் கொடுத்தாராம். அது தரைக்குப் பூசும் வகை.

விலையுயர்ந்த புட்டியில் மிகுதியாக என்ன இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். மஞ்சளை மறைக்க இளநீல ஒளிதரும் சாயமும் இருக்கும். இவை மஞ்சளாவதைத் தாமதப்படுத்துவனவே அன்றி முற்றும் தடுப்பன அல்ல. நீர்போல இளகி இழைத்துணியுள் ஊறும்; அதனால் குறைந்த பிசினே போதும்; பலகை இலேசாகும். மலிவானவற்றுள் சில, இளக்குவதற்காக பென்சைல் ஆல்கஹால் போன்ற, பிசினோடு பிணையாத நீர்மங்களை மிகுதியாகக் கொண்டிருக்கும். அவை வலையின் நடுவே சும்மா இருப்பவை. வெயிலில் மூடிய வண்டிக்குள் வைத்த பலகையின் தோல் இளகுவது இத்தகைய குறையால்தான்.

நம் கடற்கரைக்கு மிக முக்கியமானது வேறொன்று. ஈரக்காற்றில் மலிவான கெட்டிப்பான்கள் பல, காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் மெழுகுபோன்ற படலத்தை உண்டாக்கும். அதன்மேல் பூசிய அடுத்த பூச்சு பற்றாமல் உரிந்துவரும். வெந்நீரும் துணியும் கொண்டு துடைத்துவிட்டால் போதும். ஆனால் அது இருப்பதை அறிந்தால்தானே துடைக்க முடியும்? இப்படலம் குறைந்த கெட்டிப்பானைச் செய்யத்தான் தயாரிப்பாளர் பணம் செலவிடுகிறார்.

ஆயினும் விலையை மட்டும் பார்த்து வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அழகிய சித்திரமும் ஆங்கிலப் பெயரும் ஒட்டிய சிறு புட்டியைவிட, விவரத்தாளோடு வரும் சாதாரணத் தொழிற்சாலைப் பிசின் மேலானதாக இருக்கலாம். பலகைக்கு அடர்ந்த வண்ணம் பூசப்போகிறவருக்கு மஞ்சளைப் பற்றிக் கவலை எதற்கு? பழகுவதற்குச் செய்யும் முதற்பலகைக்கு நல்ல மலிவுப் பிசின் போதும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறேழு அடிப் பலகைக்குச் செலவாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர்ப் பிசின். அதில் மிச்சமாகும் பணம் ஒருபுறம். நுரைக்கட்டி, இழைத்துணி, வாரக்கணக்கான உழைப்பு மறுபுறம். தோல் விரிந்தால் நுரைமணிகளின் இடுக்கெல்லாம் உப்புநீர் புகுந்துவிடும்.

புட்டியின் விலையால் தடுக்க முடியாத இழப்பு ஒன்று உண்டு. அந்த மாணவர் கையுறையின்றிப் பிசினைத் தொட்டார். ஒட்டியதைச் சுரண்டியதும் வெறுங்கையால்தான். விரல்களிடையே தடித்துச் சிவந்து கொப்புளித்தது. எப்பாக்ஸியும் அதன் கெட்டிப்பானும் தோலில் ஒவ்வாமையை விளைவிக்கக் கூடியவை. ஒருமுறை உடல் பகையாக்கிக்கொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அப்பகை நீங்காது. விலையுயர்ந்ததும் இதே குற்றம் உடையதே. தோல் மருத்துவர் இனி அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். இருபத்துமூன்று வயதில் கேட்க வேண்டிய சொல்லா அது? நான் தொலைபேசியில் அளவைப் பற்றிப் பேசினேன். கையுறை உண்டா என்று ஒரு சொல் கேட்கவில்லை.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டிகள் நடந்தபோது அவரைக் கரையில் கண்டேன். இப்போது நுரையை அறுப்பதும் வடிவம் செதுக்குவதும் அவர். பிசின் வேலை முழுவதும் அவர் தம்பி. தம்பியின் முழங்கை வரை கையுறை; பக்கத்தில் கிராமைக் காட்டும் சிறு தராசு. விவரத்தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். பகல் சூடு தணியத் தொடங்கும் மாலையில்தான் பிசின் ஊற்றுகிறார்களாம். வெப்பம் ஏறும்போது ஊற்றினால் நுரைக்குள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழிகளாக மேலே வருகிறது என்று தம்பி எனக்குப் பாடம் சொன்னார்.

அந்த முதற்பலகையை எறியப் போனவர்களிடமிருந்து நான் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில் அதன்மேல் விரலை வைத்தால் இன்றும் ஒட்டுகிறது.