ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகு: திருத்த முடியாத ஒரு தீர்ப்பு

கால்பந்தில் நடுவர் தீர்ப்பு சர்ச்சையானால் பழி பெரும்பாலும் கண்ணின் மேல்தான் விழுகிறது. விஏஆர் எனப்படும் காணொளி உதவி நடுவர் முறையும் கண்ணுக்குத் துணையாகவே வந்தது. ஆனால் கண் சரியாகப் பார்த்த பிறகும் தீர்ப்பு தவறாக முடியலாம். 2023 செப்டம்பர் 30 அன்று லண்டனில் நடந்த டாட்டன்ஹாம் - லிவர்பூல் பிரீமியர் லீக் ஆட்டம் அதற்குச் சான்று. அன்றைய அநீதியைத் திருத்தவிடாமல் தடுத்தது விதிதான் என்பதே என் வாதம்.

34ஆவது நிமிடத்தில் சாலா கொடுத்த பந்தை லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் வலைக்குள் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு கொடி உயர்த்தினார். காணொளி அறையில் விஏஆர் நடுவர் டேரன் இங்கிலாந்து படத்தை நிறுத்திச் சரிபார்த்தார். டாட்டன்ஹாமின் ரொமேரோ பின்னால் நின்றதால் டியாஸ் ஆஃப்சைடு இல்லை. பார்வையில் பிழையே இல்லை. ஆனால் களத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்ற நினைப்பில், சரிபார்ப்பு முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டார். கோலா, ஆஃப்சைடா என்று சொல்லவில்லை. கள நடுவர் சைமன் ஹூப்பர் அதை ஆஃப்சைடு தீர்ப்புக்கான ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். ஃப்ரீ கிக் எடுக்கப்பட்டது.

பின்னர் வெளியான ஒலிப்பதிவைக் கேட்டால் மனம் பதைக்கும். களத் தீர்ப்பு ஆஃப்சைடு என்பதை முதலில் எடுத்துச் சொல்பவர் மறுகாட்சிகளை இயக்கும் பணியாளர். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லியும் குரல் எழுகிறது. ஆட்டம் தொடங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதே பதில். லிவர்பூல் 2-1 என்று தோற்றது. பெரும் மனிதப் பிழை என்று நடுவர் அமைப்பு அன்றே ஒப்புக்கொண்டது.

ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் முந்தைய தீர்ப்பை மாற்றக்கூடாது என்கிறது கால்பந்தின் 5ஆம் விதி. இதற்கு நியாயம் உண்டு: பின்னால் விழுந்த கோலையும் காட்டிய அட்டையையும் அழிக்கத் தொடங்கினால் ஆட்டமே குலையும். ஆனால் இங்கே பிழை தெரிந்தபோது அழிப்பதற்கு எதுவுமே நடந்திருக்கவில்லை. ஜெர்மனியில் 2018 ஏப்ரல் 16 அன்று மைன்ஸ் - ஃப்ரைபர்க் ஆட்டத்தில், இடைவேளைக்கு விசில் ஊதப்பட்டு ஃப்ரைபர்க் வீரர்கள் உடைமாற்றும் அறைக்கே போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து மைன்ஸுக்குப் பெனால்டி கொடுத்தார் நடுவர். ஆட்டம் மீண்டும் தொடங்காததால் அது செல்லும். லண்டனில் கடந்தவையோ சில வினாடிகளே.

ஆளை மாற்றி அட்டை காட்டியிருந்தாலோ வன்முறை நடந்திருந்தாலோ, ஆட்டம் தொடங்கிய பிறகும் திருத்த விஏஆர் விதிமுறை வழிவிடுகிறது. அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்க்கலாம்: காணொளி நடுவர் எடுத்த முடிவு களத்துக்குத் தவறாகப் போய்ச் சேர்ந்திருந்தால், அடுத்த முறை ஆட்டம் நிற்பதற்குள் திருத்தலாம். 2025இல் பிரீமியர் லீக்குக்கு வந்த பகுதித் தானியங்கி ஆஃப்சைடு முறை கோடு போடுவதைத்தான் விரைவாக்கும். சொல்லில் நேரும் பிழைக்கு அதில் மருந்தில்லை.

விதியை மாற்றப் பன்னாட்டு விதி வாரியத்தின் 8 வாக்குகளில் 6 தேவை. ஃபிஃபாவிடம் 4, பிரித்தானியச் சங்கங்கள் நான்குக்கும் தலா 1. தன் மண்ணில் நேர்ந்த பிழை என்பதால் இத்திருத்தத்தை இங்கிலாந்துச் சங்கமே முன்மொழிய வேண்டும்.