அக்ரன் நகரத்து இருவர்

ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள அக்ரன், ஒருகாலத்தில் றப்பர்த் தொழிலாற் பெரும்புகழ் பெற்றிருந்த நகரம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தொழில் அங்கே நலிந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்நகரில் வளர்ந்த டான் ஓர்பாக், பற்றிக் கார்ணி என்னும் இளைஞர் இருவர் 2001ஆம் ஆண்டில் 'பிளாக் கீஸ்' என்ற றொக் இசைக்குழுவைத் தொடங்கினர்.

குழு என்றாலும் ஆட்கள் இருவரே. ஒருவர் கிற்றார் மீட்டிப் பாடுவார். மற்றவர் ட்ரம்ஸ் முழக்குவார். றொக் இசைக்கு அடித்தளமான பேஸ் கிற்றார் இல்லை. இதனை வறுமையின் விளைவென்று மட்டும் கொள்ளலாகாது. இவர்கள் மானசீகக் குருவாகக் கொண்டவர் மிசிசிப்பி மாநிலத்தின் வட குன்றுப்புறத்தைச் சேர்ந்த ஜூனியர் கிம்ப்ரோ. உழைப்பிலும் துயரிலும் கறுப்பின மக்கள் வளர்த்த புளூஸ் இசை, அக்குன்றுப்புறத்திலே தனிப்போக்குடையது. சுரக்கோவைகள் அடிக்கடி மாறுவதில்லை. ஒரே தாளக்கட்டு மீண்டும் மீண்டும் சுழன்று கேட்போரை மயக்கும். அங்கே பேரெடுத்த ஆர். எல். பர்ன்சைட்டின் குழுவும் பேஸ் இன்றி வாசித்ததுண்டு. அத்தகைய இசைக்கு இருவர் போதாதா?

2003இல் வந்த 'திக்பிரீக்னெஸ்', கார்ணியின் வீட்டு நிலவறையிலே 14 மணி நேரத்தில் ஒலிப்பதிவானது. அடுத்த ஆண்டின் 'றப்பர் பக்டரி' கைவிடப்பட்ட டயர் ஆலையொன்றிற் பதிவானதால் அப்பெயர் பெற்றது. மாண்ட தொழிலின் கூடத்தில் எழுந்த அக்கரகரப்பான ஓசைக்கு, பின்னர் வந்த மெருகேறிய தட்டுகள் ஈடாகா.

மெருகு 2008இல் வந்தது. அதுவரை தாமே பதிவுசெய்த இருவரும் 'அற்றாக் அண்ட் றிலீஸ்' என்ற தட்டுக்கு டேஞ்சர் மவுஸ் என்னும் தயாரிப்பாளரை நாடினர். 2010இல் வெளிவந்த 'பிரதர்ஸ்' மறு ஆண்டு கிராமி விருதுகளை ஈட்டியது. 'எல் கமீனோ' 2013இல் சிறந்த றொக் தட்டுக்கான விருதைப் பெற்றது. பேரரங்குகள் நிறைந்தன. மேடையிலே பேஸ் வாசிப்போரும் விசைப்பலகை வாசிப்போரும் சேர்ந்தனர்.

ஆனால் குரு கண்ட செல்வம் என்ன? கிம்ப்ரோவின் முதல் நெடுந்தட்டு 1992இலேதான், அவருடைய அறுபது வயதுக்குமேல், வெளிவந்தது. 1998இல் அவர் காலமானார். சீடருக்குக் கிட்டிய அரங்குகளை அவர் கண்டதேயில்லை. அமெரிக்க இசை வரலாற்றில் இது புதிய கதையன்று. கடனை மறைத்தோரும் அங்கே பலருளர். இவ்விருவர் மறைக்கவில்லை. 2006இல் கிம்ப்ரோவின் பாடல்களை மட்டுமே கொண்டு 'சூலஹோமா' என்ற தட்டை வெளியிட்டனர். அதன் இறுதியில் கேட்பது அவருடைய விதவை மனைவி தொலைபேசியில் விட்டுச்சென்ற பாராட்டுச் செய்தி.

2021இல் வந்த 'டெல்ரா கிறீம்' மீண்டும் குன்றுப்புறப் பாடல்களின் தொகுதி. இம்முறை பர்ன்சைட்டுடன் நெடுங்காலம் வாசித்த கென்னி பிரவுண் கிற்றாருடன் அருகில் அமர்ந்தார். குன்றுப்புறக் கலைஞரோடு பழகிய எரிக் டீற்றன் பேஸ் வாசித்தார். பதினொரு பாடல்களும் இரண்டு பிற்பகல்களிற் பதிவாகி முடிந்தன.