சூறாவளிக்கு முன் ஒரு துறைமுகம்

வருமுன் காப்பதே அறிவுடைமை என்று இளமை முதலே கேட்டு வருகிறோம். அவ்வறிவுடைமைக்குச் சான்றாக நிற்கும் ஒரு துறைமுகத்தைப் பற்றி, மாணவ நண்பர்களே, உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்று ஆண்டிகுவா. அதன் தென்கரையில், குன்றுகள் காவலாய்ச் சூழ, குறுகிய வாயிலோடு உள்ளடங்கிக் கிடக்கிறது இங்கிலீஷ் ஹார்பர். அப்பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். 1723 செப்டம்பரில் வீசிய சூறாவளி, அத்தீவின் மற்றத் துறைகளில் நின்ற 35 கப்பல்களைக் கரையில் ஒதுக்கிற்று. இங்கே கட்டியிருந்த ஹெக்டர், வின்செல்சி என்னும் இரு போர்க்கப்பல்களுக்கோ ஊறு நேரவில்லை. சில ஆண்டுகளுக்குள் பிரிட்டிஷ் கடற்படை அங்கே பழுதுபார்க்கும் துறையை அமைக்கத் தொடங்கிற்று.

ஒதுங்க வந்த பாய்க்கப்பலை எவ்வாறு காத்தனர்? காற்றுக்குப் பிடி கொடுப்பவை பாய்களும் உயரத்து மரங்களுமே. ஆதலால் பாய்களைக் கழற்றி உலர்த்தி மடித்தனர். உச்சிப் பாய்மரங்களையும் பருமல்களையும் இறக்கினர். நங்கூரங்களாலும் பருத்த வடங்களாலும் கப்பலைப் பிணித்தனர். கடலுக்குச் செல்லாத மாதங்கள் பழுது பார்க்கவும் உதவின. பீரங்கிகளையும் சரக்கையும் இறக்கிய பின், பலர் கூடித் தள்ளும் சுழல் உருளைகளால் பாய்மரத்தை இழுத்துக் கப்பலை ஒருபுறம் சாய்ப்பர். வெளிப்பட்ட அடிப்பாகத்தில் பாசியைச் சுரண்டி, கடற்புழு துளைத்த பலகைகளை மாற்றிக் கீல் பூசுவர்.

இளங் கப்பல் தலைவராக நெல்சன் 1784 முதல் 1787 வரை அவ்வட்டாரத்தில் பணியாற்றி, சூறாவளி மாதங்களை இங்கே கழித்தார். இன்று அத்துறை அவர் பெயரையே தாங்குகிறது. ஆனால் அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர், கரும்புத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள். கப்பல்களுக்குப் புகலிடம் அமைத்த அவர்களுக்குப் புகலிடம் இருந்ததில்லை. 1834இல்தான் அத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது.

கடற்படை 1889இல் அத்துறையை மூடிற்று. 2016இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இன்று அங்கே உல்லாசப் படகுகள் நிற்கின்றன. பருவம் நெருங்கினால் படகுக்காரர் இன்றும் முதலில் பாயையே கழற்றுகின்றனர். பழைய படகுக் கூடத்தின் தடித்த தூண்கள் கூரையின்றி நீரோரத்தில் நிற்கின்றன. நெல்சனின் பெயரை அறிந்து அங்கே செல்பவர், அத்தூண்களை எழுப்பிய பெயரற்ற கைகளையும் நினைத்தல் வேண்டும்.