இடைவேளை இசையும் வடக்கின் பெரும்போரும்

விளையாட்டரங்கில் ஆட்டம் ஓய்ந்திருக்கும் சிறுபொழுதை இசையால் நிரப்பும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் உண்டு. ஆயினும் அவ்விசை எங்கும் ஒரே தன்மையுடையதன்று. அமெரிக்கப் பேரரங்கு ஒன்றையும் யாழ்ப்பாணத்துப் பள்ளி மைதானம் ஒன்றையும் ஒப்பு நோக்கின் இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

அமெரிக்க உதைபந்தாட்டத்தின் பெரும் போட்டியாகிய 'சூப்பர் போல்' 1967ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாக நடைபெற்றது. அன்றைய இடைவேளையில் அரிசோனா, கிராம்ப்ளிங் ஆகிய உயர்கல்வி நிலையங்களின் மாணவர் வாத்தியக் குழுக்கள் அணிவகுத்து இசைத்தன. 1992இல் இடைவேளையின்போது பார்வையாளர் பலர் வேறொரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை நாடிச் சென்றனர். அவர்களை மீட்கும் பொருட்டு, மறு ஆண்டு பாசடீனாவில் மைக்கல் ஜாக்சன் மேடையேற்றப்பட்டார். அவர் தோன்றி ஒரு நிமிடத்துக்கு மேலாக அசையாது நின்றார், அரங்கமோ அதிர்ந்தது. அதன்பின் அவ்விடைவேளை புகழ்பெற்ற கலைஞருக்கே உரிய மேடையாயிற்று. மாணவர் இசைத்த இடத்தில் மன்னர்போல் ஒருவர் நின்றார், ஏனையோர் கேட்போராயினர்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. 'வடக்கின் பெரும்போர்' என்பது அதற்கு மக்கள் வழங்கிய பெயர். பத்திரிசியார் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையே 1917இல் தொடங்கிய போட்டி 'பொன் அணிகளின் போர்' எனப்படுகிறது. இத்தகைய போட்டிகளில் முழங்குவது 'பப்பரே' இசை. எக்காளத்தின் ஒலியையே ஒத்த பெயர் அது. எக்காளமும் முரசும் கைத்தாளமும் சேர்ந்து, கேட்போர் அறிந்த பாடல்களின் மெட்டுகளைத் துள்ளுநடையில் வாசிக்கும். நான்கு ஓட்டம் பெற்றாலும் இலக்கு ஒன்று வீழ்ந்தாலும் இசை எழும். இடைவேளை வந்ததும் மாணவர் தத்தம் கல்லூரிக் கொடிகளை ஏந்தி ஆடிப்பாடுவர். அங்கு மேடையும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

அத்துள்ளுநடை 'பைலா' மரபைச் சார்ந்தது. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்கரோடும் இலங்கைக்கு வந்த ஆடற்பாட்டு மரபு அது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கே கோட்டையும் கட்டினர். பின்னர் 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கவர்ந்து, திருத்தி விரித்தனர். அக்கோட்டைக்கு அண்மையிலேயே மத்திய கல்லூரி மைதானம் உள்ளது. ஆள வந்தோரின் ஆட்சி அழிந்தது; அவர் விட்டுச்சென்ற தாளமோ தமிழ்ப் பிள்ளைகளின் கைகளில் வாழ்கிறது.

அம்மைதானத்தின் சுற்றாடல் கொடிய ஒலிகளையும் கேட்டதுண்டு. 1981இல் அருகிலிருந்த பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1990இல் கோட்டையைச் சூழ முற்றுகைப் போர் நிகழ்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக வீடுவாசல் துறந்து இடம்பெயர்ந்தனர். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் பெரும்போரும் நடைபெறாது நின்றது. 2009இல் போர் முடிந்தபின், புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவரும் போட்டி காணத் தாயகம் வரலாயினர். வெடியோசைக்குப் பழகிய செவிகளுக்கு முரசின் முழக்கம் எத்தகைய ஆறுதலைத் தந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விசை மாணவரின் ஒழுங்கைக் குலைக்கிறது எனக் கடிவோரும் உளர். எல்லை மீறாதவாறு காப்பது ஆசிரியரின் கடமையே. ஆயினும் முரசை முற்றாக அடக்கிவிடின் இழப்பு பெரிது. பாசடீனாவில் மக்கள் ஒரு மாபெருங் கலைஞரைக் கண்டு வியந்தனர், அவ்வியப்பு குறைவானதன்று. யாழ்ப்பாணத்து மைதானத்திலோ, பாட்டனும் பேரனும் ஒரே கொடியின் கீழ் நின்று, ஒரே தாளத்துக்குக் கைதட்டுகின்றனர். சிதறிப்போன ஒரு சமுதாயம் தன்னைத் தானே மீண்டும் கண்டுகொள்ளும் பொழுது அது.