பாத்ரூம் இல்லையா? அப்போ பெட்ரோலும் வேண்டாம்!



போன தீபாவளிக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் கிளம்பினோம். விடிகாலை நாலரை மணி. எல்லாருக்கும் ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி வைத்த அம்மா, தான் மட்டும் குடிக்கவில்லை. ஏம்மான்னு கேட்டேன். "வழியில எங்கய்யா போறது?" அவ்வளவுதான் பதில். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணியைக் குறைச்சிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற பயணம். எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோணினதில்லை. ஆம்பளைக்கு ஹைவே முழுக்க பாத்ரூம்தானே. சொல்ல வெட்கமா இருக்கு, ஆனா உண்மை.

திருச்சி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். மூவாயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டாச்சு. லேடீஸ் டாய்லெட் கதவில் பூட்டு. "சாவி மேனேஜர்கிட்ட இருக்கு சார், அவர் சாப்பிடப் போயிருக்கார்." அம்மா ஒன்னும் சொல்லாமல் வந்து காரில் உட்கார்ந்துட்டாங்க. நானும் வண்டியை எடுத்துட்டேன். மதுரை வரைக்கும் ஒரே ஒரு விஷயம் மண்டையில் ஓடிக்கிட்டே இருந்தது. டாய்லெட் திறந்திருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் டீசல் போட்டிருக்கலாமே? காசு கொடுக்கிற வரைக்கும்தானே நம்ம பேச்சுக்கு மதிப்பு?

இதே கேள்வியை 1952-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு டாக்டர் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, ஸ்டிக்கர் அடித்து கார் பம்பரில் ஒட்ட வைத்தார். இன்றைய எபிசோட் அந்த ஸ்டிக்கரைப் பற்றியது. முன்னாடியே சொல்லிடறேன்: எங்க வீட்டு அனுபவமும் அவங்க அனுபவமும் ஒன்னு இல்லை. எங்களுக்குக் குறுக்கே வந்தது ஒரு சாவி. அவங்களுக்குக் குறுக்கே நின்றது அவங்க தோலின் நிறம்.

அந்தக் காலத்து அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்தது. பள்ளிக்கூடம், பஸ் சீட்டு, குடிதண்ணீர்க் குழாய் எல்லாமே வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி. ரயிலிலும் பஸ்ஸிலும் தினம் தினம் அவமானப்படுவதற்குப் பதிலாக, கொஞ்சம் வசதி வந்த கறுப்பினக் குடும்பங்கள் கார் வாங்கின. சொந்தக் காரில் யாரும் உங்களைப் பின் சீட்டுக்குப் போகச் சொல்ல முடியாது. ஆனால் காருக்குப் பெட்ரோல் வேணும். உள்ளே இருக்கும் மனுஷனுக்குப் பாத்ரூம் வேணும். இந்த இரண்டுக்கும் கடைசியில் பெட்ரோல் பங்க்கில்தான் போய் நிற்கணும்.

அங்கே என்ன நடந்தது? பெட்ரோலுக்கான காசைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பாத்ரூம் கேட்டால் மட்டும் இல்லை. சில இடங்களில் மூன்று கதவுகள் இருந்தன: ஆண்கள், பெண்கள், 'நிறத்தவர்'. அந்த மூன்றாவது கதவுக்குப் பின்னால் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. பல இடங்களில் அந்தக் கதவும் கிடையாது.

இதில் எனக்கு ரொம்ப உறைத்த விஷயம் இன்னொன்று. அதே காலத்தில் அமெரிக்க எண்ணெய் கம்பெனிகள் சுத்தமான பாத்ரூமைத்தான் பெரிய விளம்பரமாக வைத்திருந்தன. டெக்ஸாகோ 1938-இல் 'பதிவு செய்யப்பட்ட கழிப்பறைகள்' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. அவற்றைச் சோதிக்க வெள்ளை நிறக் கார்களில் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் குழுவின் பெயர் 'வெள்ளை ரோந்து'. (பேரைப் பாருங்க!) ஃபிலிப்ஸ் 66 கம்பெனியோ நர்ஸுகளையே வேலைக்கு எடுத்துப் பாத்ரூம் பார்வையிட அனுப்பியது. குடும்பத்தோடு காரில் போகும்போது எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது பெண்கள்தான், அவங்களுக்குப் பாத்ரூம் முக்கியம் என்று கம்பெனிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆக, பெட்ரோல் விலைக்குள்ளேயே பாத்ரூமும் அடக்கம். கறுப்பினக் குடும்பமும் அதே விலையைத்தான் கொடுத்தது. ஃபுல் சப்ஸ்கிரிப்ஷன் கட்டின ஆளுக்குப் பாதி ஃபீச்சரை லாக் பண்ணி வைக்கிற மாதிரி.

அதனால் அந்தக் குடும்பங்களின் காரில் ஒரு பொருள் தவறாமல் இருக்கும். காபித்தூள் வருகிற பெரிய தகர டப்பா. கூடவே டாய்லெட் பேப்பர். ஹோட்டலிலும் சேர்க்க மாட்டார்கள் என்பதால் ஷூ டப்பாவில் பொரித்த கோழியும் ரொட்டியும். சிகாகோ, டெட்ராய்ட் மாதிரி வடக்கு நகரங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே சொந்த ஊருக்கு வருவார்கள். சிகாகோவிலிருந்து மிசிசிப்பியின் ஜாக்சனுக்குச் சுமார் 1200 கிலோமீட்டர். ராத்திரியெல்லாம் நிறுத்தாமல் ஓட்டுவார்கள். ஓரமாக நிறுத்தி மரத்துக்குப் பின்னால் ஒதுங்கலாமே என்று தோன்றும். ஆனால் தெரியாத ஊரில், இருட்டில், ரோட்டோரம் நிற்கும் கறுப்பினக் குடும்பம் என்றால் ஷெரிஃபும் வரலாம், அவரைவிட மோசமானவர்களும் வரலாம். சின்னப் பிள்ளைகளுக்கு டப்பாவே பாதுகாப்பு.

பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸுக்கு 1951-இல் 11 வயது. தாய்மாமா ஓட்டிஸுடன் அலபாமாவிலிருந்து வடக்கே பஃபலோ நகரத்துக்குக் காரில் போனார். அதைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். எந்த ஊரில் பெட்ரோல் போடலாம், எங்கே தங்களுக்கான பாத்ரூம் இருக்கிறது என்பதெல்லாம் மாமாவுக்கு மனப்பாடம். அந்த இடங்களை வைத்துத்தான் ரூட்டே போட்டார். ஒஹாயோ மாநிலத்துக்குள் நுழைந்த பிறகுதான் மாமாவின் இறுக்கம் தளர்ந்ததாம்.

அப்படி ஒரு மாமா இல்லாதவர்களுக்கு ஒரு புத்தகம் இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் தொடங்கிய 'கிரீன் புக்'. கறுப்பினத்தவரைச் சேர்க்கும் விடுதி, ஹோட்டல், பங்க் பட்டியல். எஸ்ஸோ பங்க்குகளிலும் அது கிடைத்தது. அதே பெயரில் படம் வந்து ஆஸ்கரும் வாங்கியதால் அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விடுங்க. எங்கே உனக்கு இடம் உண்டு என்று அந்தப் புத்தகம் சொல்லும். இடம் தராதவனை என்ன செய்வது என்று யோசித்த ஆள்தான் நம்ம ஹீரோ.

டாக்டர் டி.ஆர்.எம். ஹோவர்டு. அறுவை சிகிச்சை நிபுணர். 1942-இல் மிசிசிப்பியின் மவுண்ட் பாயு என்ற ஊருக்கு ஆஸ்பத்திரி வேலைக்காக வந்தவர். 1887-இல், அடிமைகளாக இருந்தவர்கள் தாங்களே உருவாக்கிய ஊர் அது. மேயர், கடைக்காரர், போலீஸ் எல்லாருமே கறுப்பினத்தவர். ஹோவர்டு அங்கே டாக்டர் மட்டும் இல்லை, விவசாய நிலம், இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாம் வைத்திருந்த பணக்காரர். இது முக்கியம். பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிர் செய்பவர் வாயைத் திறந்தால் மறுநாள் வீடும் நிலமும் போய்விடும். ஹோவர்டை வேலையை விட்டுத் தூக்க எந்த வெள்ளைக்கார முதலாளியும் இல்லை.

1951-இன் கடைசியில் அவர் நீக்ரோ தலைமைக்கான வட்டாரக் கவுன்சில் என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த வருஷமே அதன் முதல் பெரிய போராட்டம். ஓட்டுரிமைக்காகவோ பள்ளிக்கூடத்துக்காகவோ இல்லை, பாத்ரூமுக்காக. ஆயிரக்கணக்கில் பம்பர் ஸ்டிக்கர் அச்சடித்தார்கள். "கழிப்பறையைப் பயன்படுத்த விடாத இடத்தில் பெட்ரோல் போடாதே." அதில் கெஞ்சலும் இல்லை, வெள்ளைக்காரரைப் பார்த்துப் பேசும் ஒரு வார்த்தையும் இல்லை. தன் மக்களிடம், உன் காசு உன் கையில் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஸ்டிக்கர்களை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் 27 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். ஹோவர்டின் கம்பெனியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்துவிட்டுத் திரும்பியவர். பாலிசி விற்கத் தினமும் ரோட்டிலேயே சுற்றுகிற ஆள், அதனால் பாத்ரூம் பிரச்சினையை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. பெயர் மெட்கர் எவர்ஸ். பின்னாளில் மிசிசிப்பி சிவில் உரிமைப் போராட்டத்தின் முகமாக ஆனவர். அந்த ஸ்டிக்கரை ஒட்டுவதற்கே தைரியம் வேணும் என்பதையும் யோசிச்சுப் பாருங்க. உங்க வண்டி எதுன்னு ஊருக்கே அடையாளம் காட்டுகிற விஷயம் அது.

போராட்டம் பெரும்பாலும் ஜெயித்தது. வியாபாரம் குறைய, தேசிய அளவிலான எண்ணெய் கம்பெனிகளிடமிருந்து அழுத்தம் வர, மிசிசிப்பியின் பல பங்க்குகள் இறங்கி வந்தன. கறுப்பினத்தவருக்கும் பாத்ரூம் கட்டிக்கொடுத்தன.

கவனிச்சீங்களா? 'கறுப்பினத்தவருக்கும்'. அதாவது, தனி பாத்ரூம். வெள்ளையர் கழிப்பறைக் கதவு அப்படியே மூடித்தான் இருந்தது. முதன்முறை படிச்சப்போ எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. இதுக்கா இவ்வளவு? பிரிவினையை ஏத்துக்கிட்டு அதுக்குள்ளே ஒரு வசதி வாங்கின மாதிரிதானே? எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னா இது வெறும் ஹாட்ஃபிக்ஸ். ஆர்கிடெக்சர் மாறவே இல்லை.

அப்புறம் பின் சீட்டில் டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவை நினைத்தேன். அவருக்கு அந்த வாரம் வேண்டியது கதவுள்ள ஒரு அறை. சட்டத்தோடு நேராக மோதினால் மிசிசிப்பியில் 1952-இல் சாவு நிச்சயம். சட்டத்தைத் தொடாமல், வியாபாரியின் கல்லாப்பெட்டியைத் தொட்டார் ஹோவர்டு. கறுப்பின வாடிக்கையாளர் இல்லாமல் ஓட்ட முடியாது என்று பங்க் முதலாளிகள் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டதுதான் அதில் கிடைத்த லாபம். மூன்று வருஷம் கழித்து, 1955 டிசம்பரில், அலபாமாவின் மாண்ட்கமரியில் பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. ஹோவர்டு கொலை மிரட்டல்களுக்கு நடுவில் மிசிசிப்பியை விட்டு சிகாகோவுக்குப் போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். முடியவில்லை.

1960-இல் உச்ச நீதிமன்றம், மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ் பயணிகளை நிலையங்களில் நிறத்தால் பிரிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 1961 நவம்பரிலிருந்து மத்திய அரசின் விதியும் அமலுக்கு வந்தது. ஆனாலும் 1963 ஜூன் 9 அன்று, தென் கரோலினாவில் ஓட்டுரிமைப் பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குழு, மிசிசிப்பியின் வினோனா ஊரில் பஸ் நின்றதும் இறங்கியது. சிலருக்குச் சாப்பாடு வேணும், சிலருக்குப் பாத்ரூம் வேணும். போலீஸ் கைது செய்தது. அந்தக் குழுவில் இருந்தவர் ஃபேனி லூ ஹேமர், பருத்திக் காட்டில் வேலை பார்த்தவர், வயது 45. சிறைக்குள் அவரை அடித்த அடியில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கடைசிவரை அந்தப் பாதிப்பு போகவில்லை. ஜூன் 12 அன்று அவர்கள் வெளியே வந்தார்கள். அன்று அதிகாலையில்தான், ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பாத்ரூம் ஸ்டிக்கர் கொடுத்த அதே எவர்ஸ்.

அடுத்த மாதம் செனட் குழு முன்னால் ராய் வில்கின்ஸ் சாட்சி சொன்னார். கறுப்பினத்தவர் பயணம் போனால் எங்கே தங்குவார்கள் என்று கேட்டார்கள். ஓட்டிக்கொண்டே இருப்போம், தெரிந்தவர் இருக்கும் அடுத்த ஊர் வரும்வரை ஓட்டிக்கொண்டே இருப்போம் என்கிற மாதிரி பதில் சொன்னார். 1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. பாகுபாடு காட்டக் கூடாத இடங்களின் பட்டியல் அதில் உண்டு. விடுதி, உணவகம், தியேட்டர் வரிசையில் பெட்ரோல் பங்க்கும் பெயர் சொல்லியே இருக்கிறது. நாட்டின் பெரிய சட்டம் ஒன்றில் பங்க்குக்கு ஒரு இடம்! அதைப் படிக்கும்போது எனக்கு அந்த ஸ்டிக்கர்தான் ஞாபகம் வந்தது.

சட்டம் வந்து ஒன்றரை வருஷம் கழித்து, 1966 ஜனவரி 3. அலபாமாவின் டஸ்கீகி. சாமி யங் ஜூனியர் என்ற 21 வயது மாணவர். முன்பு கடற்படையில் இருந்தவர், ஒரு சிறுநீரகத்தை எடுக்க வேண்டி வந்ததால் விடுவிக்கப்பட்டவர். அன்று பகலில் ஓட்டாளர் பதிவு வேலையில் இருந்தார். ராத்திரி ஒரு பங்க்கில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டார். தகராறில் பங்க் ஊழியர் அவரைச் சுட்டுக் கொன்றார். அந்த டிசம்பரில், முழுக்க வெள்ளையர்கள் அடங்கிய ஜூரி ஊழியரை விடுதலை செய்தது.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஃபோனில் முழுக்கதையையும் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. ஹோவர்டைப் பத்தி ஒன்னும் கேட்கலை, சட்டத்தைப் பத்தியும் கேட்கலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"அந்த டப்பாவ யாருய்யா கழுவுனது?"