மாவட்டந்தோறும் முதல் மூன்று: தரவுப் பட்டியலில் சிறிய ஊர்கள் விடுபடாதிருக்க

வடக்கில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் அதிகமுள்ள பதினைந்து கிராம அலுவலர் பிரிவுகளின் பட்டியலை ஓர் உதவி நிறுவனம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையை இறங்குவரிசையில் அடுக்கி முதல் பதினைந்தை எடுத்தால், அவற்றில் பெரும்பாலானவை யாழ்ப்பாண மாவட்டத்திலேயே இருக்கக்கூடும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாணத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகம். முல்லைத்தீவின் சனத்தொகை ஏறக்குறைய 92 ஆயிரம் மட்டுமே. இறுதிப் போர் நடந்த மண் பட்டியலில் இடம்பெறாமலே போகலாம்.

இதற்கான வழி, ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் தனித்தனியாகத் தரப்படுத்துவது. ஐந்து மாவட்டங்களிலும் மும்மூன்று எடுத்தாலும் பதினைந்துதான் வரும்.

எக்செல்லில் செய்வது

பிவட் அட்டவணையில் முதலில் மாவட்டத்தையும் அதன் கீழ் கிராம அலுவலர் பிரிவையும் வரிசைகளாக இடுங்கள். பின்னர் கிராம அலுவலர் பிரிவுக்கான பெறுமதி வடிகட்டியில் 'டொப் 10' என்பதைத் தெரிந்து, 10ஐ 3 ஆக மாற்றுங்கள். ஒவ்வொரு மாவட்டத்தின் கீழும் மூன்று பிரிவுகள் நிற்கும்.

பிவட் இல்லாமலும் தரம் காணலாம். அதே மாவட்டத்தில் இந்தப் பிரிவைவிடக் கூடிய எண்ணிக்கை கொண்ட பிரிவுகள் எத்தனை என்று 'கவுண்ட்இஃப்ஸ்' மூலம் எண்ணி, அதனுடன் 1ஐக் கூட்டினால் அதுவே அதன் தரம்.

பவர் பிஐயில் செய்வது

இங்கே 'டொப் என்' வடிகட்டி மாவட்டத்தைப் பார்க்காது. எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாக எடுத்தே தெரிவு செய்யும். எனவே மாவட்டத்துக்குள் தரம் காணும் அளவையொன்றை எழுதி, அது 3 அல்லது அதற்குக் குறைவாக உள்ளவற்றை மட்டும் காட்ட வேண்டும். 2023இல் சேர்க்கப்பட்ட 'ரேங்க்' சார்பில், 'பார்ட்டிஷன்பை' என்ற பகுதியில் மாவட்டத்தைக் குறிப்பிட்டால் போதும்.

கவனிக்க வேண்டியவை

சமநிலை: மூன்றாம் இடத்தில் இரண்டு பிரிவுகள் சம எண்ணிக்கையில் இருந்தால் எக்செல் பிவட் நான்கையும் காட்டும். அதை மூன்றாக்க ஒன்றைக் கையால் அழிக்காதீர்கள். அழிக்கப்படுவது ஓர் ஊரின் பெயர்.

விகிதம்: 800 குடும்பங்களில் 120 என்பது 15 சதவீதம், 200 குடும்பங்களில் 80 என்பது 40 சதவீதம். எண்ணிக்கைப்படி முதலாவது பெரியது, பாதிப்பின் செறிவில் இரண்டாவது பெரியது. இரண்டு தரங்களையும் அருகருகே கொடுங்கள்.

பெயர்: புதுக்குடியிருப்பு என்ற பெயர் முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. பெயரை மட்டும் நம்பினால் இரண்டு ஊர்களின் கணக்கு ஒன்றாகிவிடலாம். கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.

வரம்பு: ஒரு மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பிரிவின் பாதிப்பு, இன்னொரு மாவட்டத்தில் நான்காவதாக வந்து விடுபட்ட பிரிவின் பாதிப்பைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே முழு மாகாணத் தரத்தையும் தனி நிரலில் வையுங்கள்.

பட்டியலின் தலைப்பில் 'மாவட்டத்துக்குள் முதல் மூன்று, எண்ணிக்கைப்படி' என்று தெளிவாக எழுதுங்கள். தன் ஊர் ஏன் அதில் இல்லை என்று கேட்டு வருபவருக்கு, எந்த அளவுகோலால் அது விடுபட்டது என்று காட்ட முடிய வேண்டும்.