விக்கிபீடியாவில் நீங்கள் எழுதியது யாருக்குச் சொந்தம்? பட்டனை அழுத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திண்டிவனத்தில் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர், வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரை கல்மரப் பூங்கா பற்றி தமிழ் விக்கிபீடியாவில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் பிடித்து நேரில் போய்ப் பார்த்து, செல்போனில் போட்டோ எடுத்து, நூலகத்தில் புத்தகம் புரட்டி, ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது.

சில மாதங்கள் கழித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு போட்டித் தேர்வு கைடு கண்ணில் படுகிறது. புரட்டிப் பார்த்தால் அவர் எழுதிய பத்திகள் அப்படியே இருக்கின்றன. அவர் எடுத்த போட்டோவும் இருக்கிறது. விலை 300 ரூபாய். அவர் பெயரோ, விக்கிபீடியாவின் பெயரோ எங்கேயும் இல்லை.

"நான் சும்மா எழுதிக் கொடுத்ததை இவங்க வித்துக் காசு பார்க்கிறாங்களே, இது சரியா?" என்று அவர் கேட்டால் என்ன பதில்?

விற்றது தப்பில்லை. பெயர் போடாததுதான் தப்பு. ஏன் அப்படி என்பதைப் பார்ப்போம்.

பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது?

எழுதியவரிடம்தான். விக்கிபீடியாவில் எழுதினால் உரிமை விக்கிபீடியாவுக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இந்தியாவில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நீங்கள் ஒரு பத்தியைச் சொந்தமாக எழுதிய நொடியே அதன் உரிமை உங்களுக்கு வந்துவிடும். எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. போட்டோவுக்கும் இதே கதைதான். உங்கள் வாழ்நாள் முழுக்கவும், அதன்பிறகு 60 ஆண்டுகளும் நீங்கள் எழுதியதற்கு அந்த உரிமை இருக்கும்.

ஒரு விக்கிபீடியா கட்டுரையை 20 பேர் திருத்தியிருந்தால், அவரவர் எழுதிய பகுதிக்கு அவரவர் உரிமையாளர். விக்கிபீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அந்த எழுத்துக்கு உரிமையாளர் இல்லை.

அப்படியென்றால் உரிமம் எதற்கு?

உரிமை வேறு, உரிமம் வேறு. உரிமம் என்பது அனுமதி. திருத்தத்தைப் பதிவிடும் பட்டனுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் அந்தக் குறிப்பில்தான் விஷயமே இருக்கிறது. பட்டனை அழுத்தினால், 'சிசி பை-எஸ்ஏ 4.0' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உங்கள் எழுத்தை வெளியிட ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அந்த உரிமம் உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் உங்கள் எழுத்தை எடுக்க, மாற்ற, மொழிபெயர்க்க, அச்சடிக்க, விற்க அனுமதி கொடுக்கிறது. பதிலுக்கு இரண்டு முக்கிய நிபந்தனைகள்:

1. பெயர் சொல்ல வேண்டும். எங்கிருந்து எடுத்தது, யார் எழுதியது, என்ன உரிமம் என்பதைக் குறிப்பிட வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். விக்கிபீடியா கட்டுரை என்றால், அந்தக் கட்டுரையின் இணைப்பைக் கொடுத்தாலே பெயர் சொன்ன கணக்கில் சேரும். எழுதிய எல்லோரின் பட்டியலும் அங்கே 'வரலாறு' பகுதியில் இருக்கிறது.

2. அதே மாதிரி பகிர வேண்டும். உங்கள் எழுத்தை மாற்றி புதிதாக ஒன்று உருவாக்கி வெளியிட்டால், அதையும் இதே உரிமத்தில்தான் விட வேண்டும். எடுத்துப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது.

ஊருக்குத் திறந்துவிட்ட கிணறு மாதிரி என்று சொல்லலாம். நிலத்தின் பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம், அந்தத் தண்ணீரை வைத்து டீக்கடையே நடத்தலாம். ஆனால் "இது என் கிணறு" என்று சொல்ல முடியாது, சுற்றி வேலி போட முடியாது.

கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கலாமா?

முடியாது. இந்த உரிமம் திரும்பப் பெற முடியாதது. எழுதுவதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஏற்கெனவே கொடுத்ததை "வேண்டாம், எடுத்துடுங்க" என்று கேட்க உரிமத்தில் இடமில்லை. பட்டனை அழுத்தும் முன் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நாளைக்குச் சொந்தமாகப் புத்தகம் போட்டு, அதன் உரிமையை ஒரே பதிப்பகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அந்த எழுத்தை அப்படியே விக்கிபீடியாவில் போடாமல் இருப்பது நல்லது. தகவலைப் போடலாம், நடையை வைத்துக்கொள்ளலாம்.

இந்த உரிமம் எப்போது வந்தது?

ஆங்கில விக்கிபீடியா 2001-ல் தொடங்கியபோது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களே கிடையாது. அவை வந்தது 2002 டிசம்பரில்தான். அதனால் மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்ட ஜிஎன்யு ஆவண உரிமத்தை விக்கிபீடியா எடுத்துக்கொண்டது. 2003-ல் தமிழ் விக்கிபீடியா வந்தபோதும் அதே உரிமம்தான். அதில் ஒரு சிக்கல்: கட்டுரையை அச்சடித்தால் உரிமத்தின் முழு வாசகத்தையும் கூடவே அச்சடிக்க வேண்டும். ஒரு பக்கக் கட்டுரைக்குப் பல பக்க உரிமம்!

2009 ஜூனில் விக்கிபீடியா சிசி பை-எஸ்ஏ 3.0-க்கு மாறியது. 2023 ஜூனில் 4.0 வந்தது. தமிழ் விக்கிபீடியாவில் இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எல்லாமே இந்த நிபந்தனையில் எழுதப்பட்டவைதான்.

ஓமந்தூரார் காலத்தில் நடந்தது

எழுத்தைப் பொதுவுக்குத் திறந்துவிடுவது இன்டர்நெட் கொண்டுவந்த யோசனை இல்லை. அதில் திண்டிவனம் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

திண்டிவனம் அருகே உள்ள ஓமந்தூரைச் சேர்ந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். பாரதியார் இறந்து கால் நூற்றாண்டு ஆகியும், அவர் பாடல்களைப் பாடவும் அச்சிடவும் உரிமை வைத்திருந்தவர்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சினிமாவில் பயன்படுத்தியதற்கு நோட்டீஸ் போகும் அளவுக்கு விவகாரம் முற்றியது. பாரதியை மக்களுக்குக் கொடுங்கள் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். 1949-ல் அரசே அந்த உரிமையை எடுத்துக்கொள்ளும் என்று அறிவிப்பு வந்தது. 1955-ல் பாரதியின் எழுத்து எல்லோருக்கும் பொது என்று ஆனது. இது நடக்காமல் இருந்திருந்தால், அன்றைய சட்டக் கணக்குப்படி 1971 முடியும் வரை ஒவ்வொருவரும் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு.அவினாசிலிங்கம். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவரும் அவர்தான். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகள் வந்தன.

பாரதிக்குப் பிறகு தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக, அப்படிப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் விக்கிபீடியாவின் சகோதரத் தளமான தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். நாட்டுடைமை ஆனால் நிபந்தனை இல்லாமல் யாரும் அச்சிடலாம். விக்கிபீடியா உரிமத்தில் உரிமை உங்களிடமே இருக்கும், நிபந்தனையும் இருக்கும். அங்கே அரசு பணம் கொடுத்தது. இங்கே நீங்கள் பணம் வாங்காமல் கொடுக்கிறீர்கள்.

எதைக் கொடுக்கக் கூடாது?

உங்களுடையது இல்லாததை. புதிதாக எழுத வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். அடுத்தவர் எழுதியதை காப்பி-பேஸ்ட் செய்து பட்டனை அழுத்தினால், உங்களுக்குச் சொந்தமில்லாத நிலத்துக்கு நீங்கள் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி. கட்டுரை நீக்கப்படும், திரும்பத் திரும்பச் செய்தால் கணக்கும் தடைபடும்.

ஆனால் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அது சொல்லப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு. கருத்துக்குத் தனி உரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உதாரணத்துக்கு, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்களுக்கு டிஎம்வி என்று பெயர் வரும். திண்டிவனத்தின் சுருக்கம்தான் அது. இந்தத் தகவலை யாரும் எழுதலாம். ஆனால் ஒரு வேளாண் கையேட்டில் அந்த ரகங்களைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியை அப்படியே எடுக்க முடியாது. படித்து, புரிந்து, உங்கள் வார்த்தையில் எழுதி, ஆதாரமாக அந்தக் கையேட்டைக் காட்டினால் போதும். மண்டகப்பட்டு குடைவரையை அமைத்தது மகேந்திரவர்மன் என்பது யாருக்கும் சொந்தமில்லை. அதை விவரிக்கும் ஒரு ஆய்வாளரின் பத்தி அவருக்குச் சொந்தம். செய்தித் தளங்களில் வரும் செய்திக்கும் இதே விதிதான்.

ஆங்கில விக்கிபீடியா கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்க்கலாம், உரிமம் இடம் கொடுக்கிறது. ஆனால் எந்தக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தது என்று திருத்தச் சுருக்கத்தில் இணைப்போடு குறிப்பிட வேண்டும். அதுவும் 'பெயர் சொல்லுதல்'தான்.

போட்டோவுக்கு என்ன விதி?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பிறகு நல்ல படங்களுக்குத் தேவை அதிகம். நீங்களே எடுத்த படம் என்றால் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தாராளமாக ஏற்றலாம். கவனிக்க வேண்டியவை:

* வாட்ஸ்அப்பில் வந்தது, கூகுளில் கிடைத்தது, யூடியூப் ஸ்கிரீன்ஷாட் எதுவும் செல்லாது. நண்பர் எடுத்த படம் என்றால் நண்பர்தான் அனுமதி தர வேண்டும். விக்கிமீடியாவின் தன்னார்வலர் குழுவுக்கு அவர் மெயிலில் எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது.

* கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் சிலைகளையும் படம் எடுத்து வெளியிட இந்தியச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. கோட்டை, கோயில் கோபுரம், தலைவர் சிலை ஓகே.

* பேனர், போஸ்டர், புதிதாக வரைந்த சுவரோவியம் ஆகியவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. அதை வரைந்தவருக்கு உரிமை உண்டு.

* 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற நிபந்தனையோடு படத்தைக் கொடுத்தால் காமன்ஸ் ஏற்காது. விற்பனைக்கும் அனுமதி இருந்தால்தான் உள்ளே எடுப்பார்கள்.

பெயர் போடாமல் எடுத்தால் என்ன செய்வது?

மீண்டும் அந்த மாணவிக்கே வருவோம். கைடு போட்டவர் நிபந்தனையை மீறியதால், அவருக்குக் கிடைத்த அனுமதி தானாகவே போய்விட்டது. இப்போது அது சாதாரண பதிப்புரிமை மீறல்தான்.

முதல் வேலை, பதிப்பகத்துக்கு மெயிலோ கடிதமோ எழுதுவது. கட்டுரையின் இணைப்பு, 'வரலாறு' பகுதியில் உங்கள் திருத்தம் பதிவான தேதி, புத்தகப் பக்கத்தின் போட்டோ மூன்றையும் இணையுங்கள். "பெயரும் உரிமமும் போடுங்கள்" என்று கேளுங்கள். 4.0 உரிமத்தில் ஒரு சலுகை இருக்கிறது. தவறு தெரியவந்த 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால் அவர்களுக்கு அனுமதி மறுபடி கிடைத்துவிடும். பெரும்பாலும் பெயர் வந்தாலே பிரச்சினை முடிந்துவிடும்.

வழிக்கு வரவில்லை என்றால் கோர்ட் இருக்கிறது. உரிமையாளர் நீங்கள் என்பதால் வழக்குப் போட வேண்டியவரும் நீங்கள்தான், விக்கிமீடியா அறக்கட்டளை இல்லை. இதற்காக சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவு, வழக்குப் போடுபவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கு தொடர வழி செய்கிறது. திண்டிவனத்துக்காரருக்கு அது விழுப்புரம்.

கட்டுரையை எடுக்கும் நிலையில் நீங்கள் இருந்தால்?

கல்லூரி மலர், கோயில் விழா மலர், யூடியூப் வீடியோ, செய்தித் தளம் என்று யாராக இருந்தாலும் ஒரே விதிதான். "நன்றி: கூகுள்" என்று போடுவது பெயர் சொன்னதாகாது. "நன்றி: விக்கிபீடியா" என்பதும் பாதிதான். கட்டுரையின் இணைப்பு அல்லது படம் எடுத்தவர் பெயர், கூடவே உரிமத்தின் பெயர், இரண்டும் இருக்க வேண்டும். ஒரே வரியில் முடிந்துவிடும் வேலை. காசு வாங்காமல் எழுதியவருக்குக் கிடைக்கும் சம்பளமே அந்த ஒரு வரிதான்.

சுருக்கமாக:

* எழுதியதன் உரிமை உங்களுடையது. அனுமதி எல்லோருக்கும்.
* எடுப்பவர் விற்கலாம், ஆனால் பெயர் சொல்ல வேண்டும். மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் விட வேண்டும்.
* கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது.
* உங்களுடையது இல்லாததைக் கொடுக்க முடியாது. தகவலை எடுங்கள், வரிகளை எடுக்காதீர்கள்.
* சந்தேகம் வந்தால் பட்டனை அழுத்தும் முன் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். பழைய பயனர்கள் பதில் சொல்வார்கள்.